குரல் கேக்குது, கதை கேக்குதா? – இந்த மாச கேள்வி பதில்

போன இதழ்ல ஒலிப்புத்தகம் பத்தி ஒரே ஒரு கேள்விக்கு பதில் எழுதுனேன், அவ்ளோதான், பெட்டி நெறஞ்சு போச்சு. அதனால இந்த மாசம் முழுக்க அதேதான், மருமக சண்டை கேள்வியெல்லாம் அடுத்த மாசம். ஒரே மாதிரி வந்த கேள்விகள சேர்த்துட்டேன். பேர் போடாதீங்கன்னு நெறைய பேரு கேட்டுக்கிட்டதால ஊர் மட்டும் போட்டுருக்கேன்.

அக்கா, காலேஜ் படிக்கறப்ப திரும்பத் திரும்ப படிச்ச நாவல் இப்ப ஒலிப்புத்தகமா வந்துருக்குன்னு காசு கட்டி வாங்குனேன். எல்ஆர்டில போகும்போது கேட்டேன், அரை மணி நேரத்துல எரிச்சலாயிடுச்சு. அதே கதை, அதே வரி. நாவல் பழசாயிடுச்சா, எனக்குத்தான் வயசாயிடுச்சா? (செந்தூல்)

ரெண்டும் இல்லம்மா. நீங்க படிச்சப்ப உங்க மனசுக்குள்ள ஒரு குரல் ஓடிச்சு பாருங்க, அது எங்க வேகமா போகணும் எங்க நிக்கணும்னு நீங்களேதான் முடிவு பண்ணீங்க, வர்ணனை போரடிச்சா கண்ணு தானா ரெண்டு வரி தாண்டிடும், பிடிச்ச எடத்துல நின்னு இன்னொரு தடவ படிச்சுக்குவீங்க. ஒலியில அந்த அதிகாரம் மொத்தமா வாசிக்கறவங்க கைக்குப் போயிடுது. அவங்க ஒரு எடத்த தப்பா புரிஞ்சுக்கிட்டு வாசிச்சா நீங்களும் அந்த தப்புலயே ஒக்காந்துருக்கணும், வேற வழி இல்ல.

தமிழ் வாசிப்புல நான் அடிக்கடி கேக்கற கோளாறு ஒண்ணு சொல்றேன். நம்ம மொழியில வினை கடைசியிலதான் வரும். வந்தானா வரலையா, சொன்னாளா சொல்ல மறுத்தாளா எல்லாமே வாக்கியத்தோட வால்ல தொங்கிக்கிட்டு இருக்கும். வாசிக்கறவங்க மூச்சு தீர்ந்துபோயி ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசியிலயும் குரல கீழ எறக்கி முழுங்கிட்டாங்கன்னா கதையே அங்கதான் முழுங்கப்படுது. 'வாசல்ல நின்னு, செருப்ப கழட்டி, உள்ள எட்டிப் பார்த்து'ன்னு எச்சம் எச்சமா போற நீள வாக்கியத்துக்கு மூச்ச முன்னாடியே கணக்குப் போட்டு எடுத்து வச்சுக்கணும். நல்ல வாசிப்பாளர் ரெண்டு பக்கம் முன்னாடியே படிச்சு பென்சில்ல கோடு போட்டுத்தான் மைக் முன்னாடி ஒக்காருவாங்க.

இன்னொண்ணு, பெரும்பாலான நாவல்ல கதை சொல்ற பகுதி எழுத்துத் தமிழ்ல இருக்கும், 'அவன் எழுந்து சென்றான்'. பேசறது பேச்சுத் தமிழ், 'எங்கடா போற'. தாள்ல படிக்கும்போது கண்ணு இத கண்டுக்கவே கண்டுக்காது. காதுல ரெண்டு வரிக்கு ஒரு தடவ மேடு பள்ளம். மோசமான வாசிப்புல முதல் பாதி எட்டு மணி செய்தி, அடுத்த பாதி மேடை நாடகம். நல்லவங்க என்ன பண்ணுவாங்கன்னா ஒரு எழுத்தக்கூட மாத்தாம 'சென்றான்'ங்கறதையே பக்கத்துல ஒக்காந்து சொல்ற தொனியில சொல்லிடுவாங்க, அதனால அடுத்து வர்ற 'எங்கடா போற'க்கு தாவும்போது தட்டுறதில்ல. உங்க எரிச்சலுக்குக் காரணம் பெரும்பாலும் இதாத்தான் இருக்கும்.

இனிமே வாங்கறதுக்கு முன்னாடி இலவசமா கொடுக்கற சாம்பிள் ஒலித்துண்ட கேளுங்க, அதுலயும் ரெண்டு பேரு பேசிக்கற எடமா இருந்தா நல்லது. சும்மா ஒரு சோதனைக்கு கல்கியோட பொன்னியின் செல்வன எடுத்துக்கோங்க. அவரு எழுத்து நாட்டுடைமை ஆனதால யார் வேணா பதிவு பண்ணலாம், தனிக்குரல்லயும் இருக்கு, நடிகர் கூட்டத்தோட நாடகமாவும் இருக்கு. முதல் அத்தியாயத்த மட்டும் ரெண்டு மூணு பேரு வாசிச்சத வரிசையா கேட்டுப் பாருங்க, ஒருத்தர் வாசிச்சா ஏரிக்கரை, இன்னொருத்தர் வாசிச்சா பாடப்புத்தகம். 1950லேருந்து 54 வரைக்கும் பத்திரிகையில தொடரா வந்த கதைங்கறதால ஒவ்வொரு அத்தியாயமும் கொக்கி போட்டுத்தான் முடியும், காதுக்கு தோதான நாவல் அது.

எங்க பேக்டரி பஸ்ல ரெண்டு கட்சி இருக்கு அக்கா. ஒரே ஆள் வாசிக்கறதுதான் ஒலிப்புத்தகம்னு ஒரு கட்சி. பத்து பேரு நடிச்சாத்தான் உயிரா இருக்கும்னு நாங்க. தீர்ப்பு சொல்லுங்க. (பாயான் லெப்பாஸ், பினாங்கு)

தம்பி, தீர்ப்பு உங்களுக்கு சாதகமா வராது, முதல்லயே சொல்லிடறேன்.

நம்ம மலேசியாவுல காதால கதை கேக்கறதுன்னாலே நெறைய பேருக்கு வானொலி நாடகம்தான். அங்காசாபுரி வானொலி நிலையத்துலேருந்து வந்த நாடகத்துக்காக ஞாயித்துக்கிழமை சமையல முன்னாடியே முடிச்ச வீடுங்க உண்டு. ஆனா அதுக்கும் முந்தி தோட்டத்துல வேற ஒண்ணு இருந்துச்சு, எழுத்து தெரிஞ்ச ஒருத்தர் லயத்து வாசல்ல ஒக்காந்து தமிழ் நேசன் பத்திரிகையையோ பெரிய எழுத்துக் கதையையோ சத்தமா வாசிப்பாரு, மத்தவங்க சுத்தி ஒக்காந்து கேப்பாங்க. இது வேற கலை, அது வேற கலை. இப்ப தமிழ்ல ஒலிப்புத்தகம் தயாரிக்கறவங்க ரெண்டையும் போட்டு கொழப்பிக்கறாங்கங்கறதுதான் என் பெரிய வருத்தம்.

வானொலி நாடகம் காதுக்குன்னே எழுதுனது. அதுல வர்ணனையே இருக்காது, கதவு சாத்துற சத்தம், ஒரு இருமல், 'என்னாங்க, லைட்ட போடலையா'ன்னு ஒரு வரி, உங்களுக்கு ராத்திரின்னு தெரிஞ்சிடும். நாவல் அப்படி எழுதுனது இல்ல. நாவல்ல கதை சொல்றவரே ஒரு ஆளு, சில நாவல்ல அவருதான் முக்கியமான ஆளே. இப்ப பத்து நடிகர உள்ள விட்டீங்கன்னா என்ன ஆகுதுன்னு பாருங்க. அந்தம்மா உச்சஸ்தாயியில கத்தி முடிச்சுட்டாங்க, அதுக்கப்புறம் கதை சொல்றவரு வந்து 'என்று கோபமாகக் கத்தினாள்'ங்கறாரு. எங்களுக்கும் காது இருக்குய்யா! அந்த 'என்றாள்' எல்லாத்தையும் எடுத்துட்டா கேக்க நல்லா இருக்கும், ஆனா அப்ப அது நாவல் இல்ல, நாடகமாக்கம். அப்படின்னு அட்டையிலயே போட்டுட்டா எனக்கு ஒரு சண்டையும் கிடையாது.

கூட்டமே கூடாதுன்னு சொல்லல. ஜார்ஜ் சாண்டர்ஸ்ங்கற அமெரிக்க எழுத்தாளரோட நாவல் ஒண்ணு 2017ல ஒலியா வந்தப்ப 166 பேரு குரல் குடுத்தாங்க. நூத்தி அறுபத்தாறு! அது ஏன் பொருந்துச்சுன்னா அந்த நாவலே ஒரு இடுகாட்டுல ஆவிங்க மாத்தி மாத்தி பேசறதா எழுதுனது, பக்கத்துலயே அத்தன குரலு இருக்கு. இத்தன குரல கதை கேக்குதா, தயாரிப்பாளரு ஆசப்படறாரா, இதுதான் கேள்வி. ஒரு அத்தியாயம் அவன் சொல்றது, அடுத்தது அவ சொல்றதுன்னு போற கதைக்கு ரெண்டு குரல் போதும், நல்லாவும் இருக்கும்.

தனிக்குரல் கட்சிக்கும் ஒரு குட்டு வச்சுடறேன். ஆம்பள வாசிப்பாளர் பொம்பள பேசற எடம் வந்தா மூக்க பிடிச்ச மாதிரி கீச்சுக் குரலுக்குப் போறது தாங்க முடியல. வேகத்த கொஞ்சம் மாத்துங்க, மூச்ச மாத்துங்க, போதும், யாரு பேசறாங்கன்னு நாங்க கண்டுபிடிச்சுக்குவோம். பாதி நடிப்பு கேக்கறவங்க மண்டைக்குள்ள நடக்கணும், அந்தப் பாதிய விட்டுக் குடுக்கத் தெரிஞ்சவங்கதான் பெரிய வாசிப்பாளருங்க.

ஃபெடரல் ஹைவே ஜாம்ல காடியில கேக்கறேன். கிசுகிசுன்னு பேசறது ஒண்ணும் புரியல, சவுண்ட ஏத்துனா அடுத்த நிமிஷம் ஒருத்தன் அலறுறான். பின்னாடி வயலின் வேற விடாம வாசிக்குது. என் காடி ஸ்பீக்கர் மோசமா? (கிள்ளான்லேருந்து கோலாலம்பூருக்கு தினமும் வர்றவரு)

ஸ்பீக்கர மாத்தி காச வீணாக்காதீங்க சார், தப்பு பதிவுல. சினிமா தியேட்டர்ல கிசுகிசுப்புக்கும் அலறலுக்கும் நடுவுல எவ்ளோ தூரம் இருந்தாலும் பரவால்ல, அங்க அமைதி இருக்கு. காடியில டயர் சத்தமும் ஏர்கோனும் சேர்ந்து எப்பவும் ஒரு இரைச்சல் இருந்துக்கிட்டே இருக்கும், மெதுவா சொல்றதெல்லாம் அதுக்கு அடியில போயிடும். அதனாலதான் ஒலிப்புத்தகத்துக்குன்னு அளவு வச்சிருக்காங்க. ஒலிப்புத்தகம் விக்கற ஆடிபிள் நிறுவனத்தோட ஏசிஎக்ஸ்ங்கற தயாரிப்புத் தளத்துல கேக்கறது என்னன்னா, சராசரி சத்தம் மைனஸ் 23லேருந்து மைனஸ் 18 டெசிபலுக்குள்ள இருக்கணும், உச்சம் மைனஸ் 3ஐ தாண்டக்கூடாது, யாரும் பேசாதப்ப அறையோட இரைச்சல் மைனஸ் 60க்கு கீழ இருக்கணும். நம்பர பாத்து பயப்படாதீங்க, விஷயம் இதுதான்: கிசுகிசுப்ப சத்தத்தக் கொறச்சு காட்டக்கூடாது, மைக்குக்கிட்ட வந்து மூச்சால காட்டணும். அலறலுக்கு முகத்த திருப்பிக்கணும். இதத் தெரிஞ்ச ஆள் வாசிச்சா ஜாம்லயும் கேக்கும்.

வயலின் விஷயத்துல நான் உங்க பக்கம். அத்தியாயம் தொடங்கும்போது பத்து விநாடி வாசிக்கட்டும், முடியும்போது வாசிக்கட்டும். வார்த்தைக்கு அடியில ஓட விட்டா அது மனுசக் குரல் இருக்கற அதே எடத்துலதான் ஒக்காருது, ரெண்டும் ஒண்ண ஒண்ணு இடிச்சுக்கும். சவுண்டு எஃபெக்ட்டும் அப்படித்தான், 'மழை கொட்டியது'ன்னு எழுத்தாளரு அழகா எழுதியிருக்காரு, ஒடனே சோன்னு ஒரு மழை. பிரேக் அடிச்சான்னா கிரீச்சு. ஹைவேயில ஓட்டறவங்களுக்கு அந்த கிரீச்சு எவ்ளோ ஆபத்துன்னு யோசிச்சாங்களான்னே தெரியல.

தயாரிப்புல எனக்கு ரொம்ப பிடிச்சது மௌனம்தான். ஒரு சாவுச் செய்தி வந்த வரிக்கு அப்புறம் ரெண்டு விநாடி விடணும். சில எடிட்டருங்க நேரம் மிச்சம் பண்றேன்னு இடைவெளி எல்லாத்தையும் வெட்டிடறாங்க, செத்தவன் செத்த கையோட அடுத்த சீன் ஆரம்பிச்சுடுது. இன்னும் சிலரு இடைவெளியில சத்தத்த சுத்தமா துடைச்சிடறாங்க, அது இன்னும் மோசம், போன் செத்துப் போச்சோன்னு திரையத் தட்டிப் பாப்போம். அதுக்குத்தான் யாரும் பேசாத வெறும் அறையோட சத்தத்தையே கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கிட்டு அந்த இடைவெளியில நிரப்புவாங்க. நல்ல பதிவுல இது நடந்ததே நமக்குத் தெரியாது.

1.5 வேகத்துல கேக்கறது எழுத்தாளருக்கு அவமரியாதையா? (பட்டர்வொர்த்)

உங்க காசு, உங்க காது. முன்ன மாதிரி வேகத்த கூட்டுனா குரல் எலிக் குரலா மாறாது, மென்பொருள் சுருதிய அப்படியே வச்சுக்கிட்டு நேரத்த மட்டும் சுருக்குது. போறது அந்த நிறுத்தங்கள்தான். துப்பறியும் கதைன்னா 1.25ல போங்க ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரே வாசிப்பாளர்கிட்ட மட்டும் எப்பவும் உங்க கை அந்த பட்டனுக்குப் போகுதுன்னா அந்தாளு இழுக்கறாருன்னு அர்த்தம், உங்களுக்கு பொறுமை இல்லன்னு இல்ல.

எனக்குப் பார்வை கெடையாது. ஒலிப்புத்தகம் எங்களுக்கு பொழுதுபோக்கு இல்ல, அதுதான் புத்தகமே. நடிக்காம நேரா வாசிச்சா போதும்னு நான் சொன்னா ஒருத்தரும் கேக்கறதில்ல. நான் சொல்றது பழங்காலமா? (பிரிக்ஃபீல்ட்ஸ்)

சார், பழங்காலம்தான், அதாவது நீங்க சொல்றதுதான் இந்தக் கலையோட ஆரம்பமே. நாவல முழுசா பதிவு பண்ற வேலையே பார்வையற்றவங்களுக்காக வந்ததுதான், அமெரிக்காவுல 1934ல, இங்கிலாந்துல 1935ல. இங்கிலாந்துல அதுக்கு ஒரு காரணம் முதல் உலகப்போர்ல கண்ணு போன சிப்பாய்ங்க. அங்க முதல்ல வந்ததுலயே அகதா கிறிஸ்டியோட துப்பறியும் கதை ஒண்ணு இருந்துச்சு. சாதாரண ரெக்கார்டுல நாலு நிமிஷம் அஞ்சு நிமிஷம்தான் பிடிக்கும்ங்கறதால மெதுவா சுத்தற தட்டு இதுக்காகவே செஞ்சாங்க, பாட்டு கேக்கறவங்களுக்கு எல்பிங்கற நீள இசைத்தட்டு கடைக்கு வந்தது 1948லதான். அதாவது நீளமா கேக்கறதுல ஒங்க ஆளுங்க பாட்டு ரசிகர்களுக்கு பத்து வருசத்துக்கு மேல முன்னாடி.

நேரா வாசிக்கறதுன்னா உப்புச் சப்பில்லாமன்னு இல்ல, அத நீங்களும் ஒத்துக்குவீங்கன்னு நெனைக்கறேன். புத்தகத்த வாசிப்பாளர் முடிவு பண்ணி குடுக்காம அப்படியே கையில குடுக்கறது. கதாபாத்திரம் பொய் சொல்றான்னா, அது பொய்னு குரல்லயே காட்டிக் குடுத்துட்டா படிக்கறவங்க கண்டுபிடிக்க என்ன மிச்சம்? கண்ணு இருக்கறவங்க தாள்ல அத தானே கண்டுபிடிக்கறாங்க. உங்களுக்கும் அந்த உரிமை வேணும்தானே. தயாரிப்பாளருங்க கருத்துக் கேக்கும்போது முதல்ல உங்கள மாதிரி ஆளுங்களக் கேக்கணும், நாள் முழுக்க காதால படிக்கறவங்களுக்குத் தெரியாததா.

நம்ம தோட்டத்துக் கதைய சென்னைக்காரர் ஒருத்தர் வாசிச்சிருக்காரு. குரல் தங்கம். ஆனா 'மங்கு'ன்னு வந்தா தடுமாறுறாரு, 'பெரட்டு' என்னமோ சப்பாத்தி பெரட்டற மாதிரி இருக்கு, 'லா' போடற எடத்துல பாட்டு பாடறாரு. பிள்ளைங்க சிரிக்குதுங்க. நான் ரொம்ப பாக்கறேனா? (ஆயர் ஈத்தாம், ஓர் ஆசிரியை)

இல்ல டீச்சர். ழகரம் லகரம் சுத்தமா இருக்கான்னு மட்டும் பார்த்து ஆள எடுத்தா இப்படித்தான் ஆகும். காலையில ஆள் கணக்கெடுக்க நிக்கற பெரட்டுன்னு அவருக்கு யாரும் சொல்லலன்னா அவரு என்ன பண்ணுவாரு, ரப்பர் பால் பிடிக்க மரத்துல கட்டற மங்குங்கற கிண்ணத்த அவரு எங்க பார்த்தாரு. பதிவுக்கு முன்னாடி சந்தேகமான சொல்லு, எடத்துப் பேரு எல்லாத்தையும் பட்டியல் போட்டு எழுத்தாளர்கிட்டயே வாய்ஸ் மெசேஜ்ல சொல்ல வச்சு வாங்கிக்கணும். வெளிநாட்டுல நல்ல தயாரிப்பாளருங்க இதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்க. இங்க அரை மணி நேர வேலை, அதையும் செய்யறதில்ல.

ஆனா உச்சரிப்பு சரியானா மட்டும் போதாது. நம்ம பேச்சுக்கு ஒரு ஏத்த எறக்கம் இருக்கு, மலாய்க்காரங்களோடயும் சீனவங்களோடயும் நூறு வருசத்துக்கு மேல பழகி வந்தது. 'சாப்பிட்டாச்சா லா'ல கடைசி 'லா' எவ்ளோ குட்டையா விழணும்னு சொல்லிக் குடுத்து வராது. மறுபக்கமும் சொல்லணும், திருநெல்வேலிக் கதைய நம்ம கோலாலம்பூர் பையன் வாசிச்சா அங்க உள்ளவங்க நம்மளப் பார்த்து சிரிப்பாங்க. கதை எந்த மண்ணோ அந்த மண்ணுக் காது உள்ளவங்க வாசிக்கட்டும். மின்னல் எஃப்எம்மயும் ராகாவையும் கேட்டு வளர்ந்த பிள்ளைங்க, பள்ளிக்கூடத்துல கதை சொல்லும் போட்டியில நின்ன பிள்ளைங்க இங்க எவ்ளோ பேரு இருக்காங்க. உங்க பள்ளிக்கூடத்துலயே இருப்பாங்களே டீச்சர், ஒருத்தர அனுப்புங்க.

என் சிறுகதைகளையும், மறைந்த மலேசிய எழுத்தாளர் ஒருத்தரோட கதைகளையும் வீட்டுலயே பதிவு பண்ணி வெளியிடலாம்னு ஆசை. மைக் வாங்கிட்டேன். வேற என்ன வேணும்? (பூச்சோங்)

முதல்ல அனுமதி. நம்ம நாட்டு 1987 காப்புரிமைச் சட்டப்படி எழுதுனவரு காலமாகி 50 வருசம் வரைக்கும் உரிமை குடும்பத்துக்கோ வாரிசுக்கோ இருக்கும். போயி கேளுங்க, பெரும்பாலும் சந்தோசமா ஒத்துக்குவாங்க, எழுத்துல வாங்கிக்கோங்க.

அடுத்து, மைக்க விட அறை முக்கியம். துணி நெறைய தொங்கற அலமாரிக்கு முன்னாடி ஒக்காந்து வாசிங்க, வெறும் சுவரு குரல திருப்பி அடிக்கும். காத்தாடி, ஏர்கோன், குளிர்பெட்டி எல்லாம் நிப்பாட்டணும், வேர்க்கும், பரவால்ல. சூராவ்ல பாங்கு சொல்ற நேரம், ரொட்டி மோட்டர் வர்ற நேரம், மத்தியானம் மழை வந்து தகரத்துல அடிக்கற நேரம் இதெல்லாம் உங்களுக்கே அத்துப்படி, அதுக்கு தகுந்தாப்ல நேரம் வச்சுக்கோங்க. வாய் காஞ்சா சப்பு சப்புன்னு சத்தம் வரும், பச்சை ஆப்பிள் ஒரு துண்டு கடிச்சுக்கிட்டா அடங்கும், தொழில்முறை வாசிப்பாளருங்க மேசையிலயே வச்சுக்குவாங்க. கோபி ஓ குடிச்சுட்டு ஒக்காராதீங்க. 'ப' வர்ற எடத்துல காத்து மைக்குல குத்தும், அதனால நேரா பேசாம கொஞ்சம் சாய்வா.

தப்பு வந்தா நிப்பாட்டி, ஒரு வாக்கியம் முன்னாடி போயி கேட்டு, அங்கேருந்தே தொடர்ந்து பதிவு பண்ணுங்க, அப்பதான் குரலோட சூடு மாறாது. ஒரு மணி நேர ஒலி தயாராக எடிட்டிங், திரும்பக் கேக்கறது எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம் வரைக்கும் போகும்னு வச்சுக்கோங்க. அதனால ஒரு சிறுகதையில ஆரம்பிங்க. நேத்து பதிவு பண்ண குரலும் இன்னைக்கு பண்றதும் ஒண்ணா இருக்கணும், சளி பிடிச்ச நாள்ல கதையோட ரெண்டாவது பாதிய பதிவு பண்ணாதீங்க, நாயகனுக்கு நடுக்கதையில மூக்கடைச்ச மாதிரி ஆயிடும்.

உங்க கதைய நீங்களே வாசிக்கறது பத்தி ஒரு வார்த்தை. எழுதுனவருக்கு எல்லா வரியும் பிடிக்கும், அதனால எல்லா வரியையும் அழுத்தி வாசிப்பாரு. ஒரு நண்பர வச்சு கேக்க விடுங்க, அவரு எப்ப போன எடுக்கறாருன்னு பாருங்க.

ஏஐ குரல் இவ்ளோ நல்லா வந்தப்புறம் மனுசங்க எதுக்கு? (ஷா ஆலாம், மாணவர்)

பாடக் குறிப்பு, செய்தி, சமையல் குறிப்புக்கு தாராளமா வச்சுக்கோ தம்பி, இல்லாததுக்கு அது நல்லதுதான். புத்தகமே கெடைக்காத பார்வையற்ற பிள்ளைக்கு அது பெரிய வரம். கதைக்கு வரும்போதுதான் வழுக்குது. நம்ம எழுத்துல ஒரே 'க'வ எடத்துக்கு எடம் வேற மாதிரி ஒலிக்கறோம், வடமொழியிலேருந்தும் மலாய்லேருந்தும் வந்த சொல்லுல அது இன்னும் கொழப்பம், எழுத்தப் பார்த்தா தெரியாது, பொருள் தெரிஞ்சாத்தான் வாயில வரும். அதுகூட நாளைக்கு சரியாயிடும்னு வச்சுப்போம். 'ஆமாமா, நீ ரொம்ப நல்லவன்'னு ஒரு அம்மா மகன்கிட்ட சொல்றா. அது மெச்சறதா, குத்தறதா, அழுகைய அடக்கறதா? அதுக்கு முன்னாடி நாப்பது பக்கம் என்ன நடந்துச்சுன்னு மனசுல வச்சிருக்கறவங்கதான் அத சொல்ல முடியும். இப்ப நான் கேட்ட இயந்திரக் குரலெல்லாம் அந்த வரிய சந்தோசமா பாராட்டிட்டு போயிடுது.

தூங்கறதுக்கு கேக்கறேன். மறுநாள் எங்க விட்டேன்னே தெரியல. வீட்டுக்காரரு வேற சத்தம் சத்தம்ங்கறாரு. (ஜெலுத்தோங், பினாங்கு)

செயலியில தூங்கற நேரத்துக்கு டைமர் இருக்கும், 'அத்தியாயம் முடிஞ்சதும் நிப்பாட்டு'ங்கறத தேர்ந்தெடுங்க, நிமிஷக் கணக்கு வைக்காதீங்க. தூக்கத்துக்கு ஏற்கனவே படிச்ச கதையா, தனிக்குரலா, இசை இல்லாததா பார்த்து எடுங்க, புதுக் கதைய பகல்ல வச்சுக்கோங்க. வீட்டுக்காரருக்காக ஒரு காதுல மட்டும் மாட்டிக்கோங்க. அவரு குறட்டைக்கு நீங்க என்னைக்காவது சத்தம் சத்தம்னு சொல்லியிருக்கீங்களா?